அங்கம் அசையும் பொம்மைகள்

பொம்மை என்பது குழந்தைகளுக்கே உரிய சொத்து என்றும், மீசை முளைத்த பிறகு ஒருவன் அதைக் கையில் எடுத்தால் அவனுக்கு உருப்படியான வேலை ஏதும் இல்லை என்றும் கருதுகிற வழக்கம் நம்மவரிடையே வெகுகாலமாக இருந்துவருகிறது. நவராத்திரி வந்தால் ஒன்பது படி கட்டிப் பெரியவர்களே பயபக்தியோடு பொம்மை அடுக்குகிற, மணப்பெண்ணின் சீரோடு மரப்பாச்சி ஜோடியையும் சேர்த்து அனுப்புகிற ஒரு சமூகத்தில் இந்த எண்ணம் எவ்வாறு வேரூன்றியது என்பது ஆச்சரியந்தான். கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்து உத்தியோகம் பார்க்கிற இளைஞர்களில் சிலர், சாணுக்கும் குறைவான உயரமுள்ள ஜப்பானியப் பொம்மை ஒன்றைக் கூரியரில் தருவித்து, அதன் முழங்கையை மடக்கியும் இடுப்பைத் திருப்பியும் மேசைமேல் நிறுத்திவைத்து, சாப்பாட்டு நேரத்தையும் மறந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பெற்றோர் விசனப்படுகிறார்கள். அந்தப் பொம்மையின் பூர்வோத்தரத்தையும், அதன் தரத்தை அறியும் முறையையும் இரு தரப்பாருக்கும் எடுத்துச் சொல்வது பிரயோஜனமுள்ள காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாக் கடைகளில் தொங்குகிற பிளாஸ்டிக் பொம்மையின் கையைத் தூக்கிப் பார்த்தால், அது தோளிலிருந்து விறைப்பாக ஒரு வட்டம் அடிக்குமேயன்றி முழங்கையில் மடங்காது; காலைப் பிடித்து இழுத்தால் உட்காரும், ஆனால் முழங்கால் நீட்டினபடியே இருக்கும். இன்று ஜப்பானியக் கம்பெனிகள் பெரியவர்களுக்காகவே தயாரிக்கிற பொம்மைகளின் சங்கதி முற்றிலும் வேறு. பெரும்பாலும் பதினான்கு பதினைந்து சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தச் சிறு உருவத்தில், கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, மார்பு, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று நம் தேகம் எங்கெல்லாம் மடங்குமோ அங்கெல்லாம் ஒரு மூட்டு இருக்கும். சிலவற்றில் பாதத்தின் முன்பகுதிகூடத் தனியே வளையும். பள்ளிக்கூடத்து உயிரியல் புத்தகத்தில் நாம் படித்த பந்துக்கிண்ண மூட்டும் கீல் மூட்டும் அப்படியே பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருப்பதை அங்கே காணலாம். பெட்டிக்குள் உருவத்தோடு கூட, விரித்த கை, மூடிய கை, வாள் பிடிக்கிற கை என்று மாற்றிப் பொருத்தக்கூடிய கைகளும், சிரித்த முகம், கோபித்த முகம் என்று மாற்றிவைக்க முகங்களும், ஆயுதங்களும், அந்தரத்தில் பாய்கிறாற்போல் நிறுத்திவைக்க ஒரு தாங்கியும் இருக்கும்.

இதன் ரசனை எங்கே இருக்கிறது என்று கேட்டால், சிதம்பரத்துக் கோபுர வாயில்களை நினைத்துப்பார்க்கச் சொல்வேன். அங்கே நூற்றெட்டுக் கரணங்களைக் காட்ட விரும்பிய சிற்பிக்கு, ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு உருவமாகத் தனித்தனியே செதுக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஓர் அசைவில் எந்தக் கணத்தைப் பிடித்து நிறுத்தினால் அதற்கு முந்தியதும் பிந்தியதும் பார்ப்பவன் மனத்தில் தாமாகவே ஓடுமோ, அந்தக் கணத்தைக் கண்டெடுப்பதுதான் அவனுடைய வித்தை. அங்கம் அசையும் பொம்மையோ அந்தத் தேர்வை வாங்குகிறவன் கையில் ஒப்படைத்துவிடுகிறது. அவன் சிற்பியல்லன், ஆனாலும் தோளைச் சற்றே தாழ்த்தி, குதிகாலைத் தூக்கி, தலையை அரை விரற்கடை திருப்பும்போது, ஜடமாக இருந்த வஸ்து சட்டென்று ஒரு பாத்திரமாக மாறுகிற விந்தையை அவனும் ஒருமுறை அனுபவிக்கிறான். இந்த அனுபவத்துக்காகத்தான் அவன் பணம் கொடுக்கிறான்; ஆகவே இந்த அனுபவத்தைத் தருகிற ஆற்றலை வைத்துத்தான் பொம்மையையும் மதிப்பிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்ற மதிப்புகளெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

மூட்டுள்ள பொம்மை நமக்குப் புதிதன்று. கயிற்றால் இயங்கும் மரப்பாவையைத் திருவள்ளுவரே நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தை அதற்கு ஒப்பிட்டது பாவைக்கு இழைத்த சிறு அநீதி என்று அதன் ரசிகர்கள் வருத்தப்படலாம். கும்பகோணம், மாயூரம் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர்களின் பாவைகள் சில நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ வரை எடையும் உள்ளவை. ஆட்டுகிறவர் தம் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளால் பாவையின் உடலையும், கையிலே பிடித்த கம்பிகளால் அதன் கைகளையும் இயக்குவார். தலை அசைந்தால் பாவை அசையும். அந்தப் பாவை திரைக்குப் பின்னால் மாட்டிவைத்திருக்கும்போது வெறும் மரக்கட்டைதான். ஆட்டுகிறவன் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஜப்பானியப் பொம்மையோ, கை எடுத்த பின்னும் நிறுத்தின நிலையிலேயே நிற்கவேண்டும். மூட்டு சுலபமாக அசையவும் வேண்டும், அசைத்த இடத்தில் இறுக நிற்கவும் வேண்டும் என்ற இந்த முரண்பட்ட இரு தேவைகளுக்கும் சமாதானம் காண்பதில்தான் அதன் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் அந்தச் சாஸ்திரத்துக்கு ஒரு விசித்திரமான முன்வரலாறு உண்டு. ‘எதோ’ என்று அந்நாட்டு வரலாற்றில் வழங்கும் காலத்து நெடிய சமாதானத்தில் போர்க்கவசம் செய்யும் கம்மியர்களுக்கு வேலை குறைந்துபோனபோது, மியோச்சின் என்ற கவசக்காரர் பரம்பரையினர், இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகருமாறு பொருத்துகிற தம் கைத்தொழிலைக் கொண்டு, நண்டு, இறால், பாம்பு, பறவை, டிராகன் முதலியவற்றை உயிருள்ளவை போலவே வளையும்படி செய்தார்கள். ஜிஸாய் ஒகிமோனோ என்று அவற்றுக்குப் பெயர். முனேஆகி என்பவர் 1713ஆம் ஆண்டில் செய்த இரும்பு டிராகன் ஒன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யுத்தம் இல்லாமற்போனதால் ஒரு தேசத்துக்குக் கிடைத்த ஆதாயங்களில் இப்படியும் ஒன்று.

ஆனால் இக்காலத்துப் பொம்மையின் நேரடி மூதாதை அமெரிக்காவில் பிறந்தது. 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சுமார் ஓரடி உயரமுள்ள சிப்பாய்ப் பொம்மையை விற்க முற்பட்டபோது, பையன்கள் பொம்மை என்றால் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். மீசைக்கும் பொம்மைக்கும் ஆகாது என்ற எண்ணம் அந்த ஊரிலும் இருந்திருக்கிறது! அந்தச் சிப்பாயை ஜப்பானில் விற்ற தகாரா என்ற கம்பெனி, 1972இல் அதே உடலை ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக்கில் வார்த்து, ‘ஹென்ஷின் சைபார்க்’ என்று வெளியிட்டது. 1974இல் பத்து சென்டிமீட்டருக்கு அதைச் சுருக்கி, மூட்டுகளைக் கைவிடாமலே, ‘மைக்ரோமேன்’ ஆக்கியது. அந்தக் கம்பெனியின் மைக்ரோமேன், டயாக்ளோன் வரிசைகளிலிருந்து எடுத்த வார்ப்புகளைக் கொண்டே ஹாஸ்ப்ரோ 1984இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று உலகமெங்கும் விற்றது. இப்படி ஒரு பொம்மை பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து போவதும், உருமாறித் திரும்பி வருவதுமாக இருந்தது.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு என்பதை நம் இளைஞர்கள் பலர் அறியார். 1946ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் ஊதுகிற பலூன் செய்து ஆரம்பித்த தொழிலே பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. அந்தக் கம்பெனி ஹாஸ்ப்ரோவோடு கூட்டுச் சேர்ந்து 1987இல் தொடங்கியதுதான் ஃபன்ஸ்கூல். பலூனில் தொடங்கியவர்கள் டயரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பொம்மைக்கே வந்து சேர்ந்தார்கள். ஃபன்ஸ்கூலின் கோவாத் தொழிற்சாலையில், அமெரிக்காவில் உபயோகித்து ஒதுக்கிய அச்சுகளைக் கொண்டு, மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோ பொம்மைகள் வார்க்கப்பட்டன. இங்கே கிடைத்த நிறங்களில், இங்கே உள்ளவர்களின் ரசனைப்படி, சில சமயம் ஒருவர் தலையை இன்னொருவர் உடலில் பொருத்தியும் அவை வெளிவந்தன. அன்று நம் பையன்கள் மண்ணில் புரட்டி, மாடியிலிருந்து எறிந்து, கையொடித்துத் தீர்த்த அந்தப் பொம்மைகளை, அந்த நிறவேறுபாட்டுக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று அகப்பட்டால், முதலில் அதன் இடுப்பைப் பாருங்கள். மேலுடலையும் கால்களையும் உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையந்தான் இழுத்துப் பிடித்திருக்கும். வருஷங்கள் ஆக ஆக ரப்பர் இற்று, சிப்பாய் இரண்டு துண்டாகிவிடுவார். பயப்பட வேண்டியதில்லை. முதுகிலுள்ள திருகாணியைக் கழற்றி, அதே அளவுள்ள புது வளையத்தை மாட்டினால் எழுந்து நிற்பார்.

ஜப்பானியப் பொம்மைகள் இன்றுள்ள உன்னதத்தை அடைந்தது இந்த நூற்றாண்டில்தான். ஓஸாகா அருகே 1964இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய கையோதோ நிறுவனம், 2006இல் ‘ரிவோல்டெக்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அதன் மூட்டைத் திருப்பினால் கடக் கடக் என்று ஒலி எழும், ஒவ்வொரு பல்லிலும் நிற்கும், தளராது. ஆனால் மூட்டு வெளியே துருத்திக்கொண்டு தெரியும். இந்தக் குறையைத் தீர்க்க நினைத்தவர்கள் போல, 2008இல் மேக்ஸ் ஃபேக்டரியார் ‘ஃபிக்மா’ என்ற வரிசையைத் தொடங்கினார்கள். வழுவழுப்பான சிறிய மூட்டு, அதன்மேல் உடையின் மடிப்போ தோளின் வளைவோ போல மென்மையான ஒரு மூடி. அதே ஆண்டில் பண்டாய் கம்பெனியார் ‘எஸ்.எச். ஃபிகுஆர்ட்ஸ்’ வரிசையை ஆரம்பித்தார்கள். ‘டிராகன் பால்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ரசிகர்கள் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான். கையோதோக்காரர்கள் கோயிற் சிற்பங்களையும் விட்டுவைக்கவில்லை. நாரா நகரத்துக் கோஃபுகுஜி விகாரத்தில் மூன்று முகமும் ஆறு கைகளுமாக நிற்கிற அசுரனை, ஆறு கைகளையும் தனித்தனியே அசைக்கத்தக்க பொம்மையாக்கி விற்றார்கள். நம் புராணங்களிலிருந்து பௌத்தத்தோடு புறப்பட்டுச் சீனத்தின் வழியே ஜப்பான் போய்ச் சேர்ந்த அசுரன் அவன். நம்மூர்க் கொலு பொம்மைக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்துத் தலை இராவணனுக்கு இருபது கைகளையும் அசைத்துக் காட்டுகிற பொம்மை ஒன்றை நாம் இன்னும் செய்யவில்லையே!

இனி, ஒரு பொம்மையை எடைபோடுவது எப்படி என்று பார்க்கலாம். கையில் எடுத்ததும் முகத்தைப் பார்ப்பது மனித சுபாவம். முகத்தில் கண்ணின் அச்சு நேராக இருக்கிறதா, கருவிழி இரண்டும் ஒரே இடத்தை நோக்குகின்றனவா என்று பார்ப்பதும் அவசியந்தான். ஆனால் அதோடு நின்றுவிடாமல், பொம்மையைத் தாங்கியில்லாமல் சமதரையில் இரு காலில் நிறுத்திப்பாருங்கள். இடுப்பும் கணுக்காலும் சரியாக இருந்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் குடிகாரனைப் போல் முன்னும் பின்னும் சாயும். அடுத்தாற்போல் ஒரு முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றச் செய்யுங்கள். இந்த ஒரு நிலையில் தொடை, முழங்கால், கணுக்கால், விரல் நான்கும் ஒருங்கே பரீட்சிக்கப்படுகின்றன. பிறகு கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, இரு கைகளாலும் ஒரே வாளைப் பிடிக்கச் செய்யுங்கள். வாள்வீரன் பொம்மைக்கு இது முடியவில்லை என்றால், அவன் முகம் எத்தனை லட்சணமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். நீள்முடியும் அங்கியும் உள்ள பாத்திரங்களில் இன்னொரு சங்கடம்: கழுத்து பின்னால் வளைய மூட்டு இருக்கும், ஆனால் முடி தோளில் முட்டும், தொடை உயர மூட்டு இருக்கும், ஆனால் பாவாடை விடாது. மூட்டுகளின் எண்ணிக்கையைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாறாமல், அசைவின் எல்லையைப் பார்க்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான். முப்பது மூட்டு இருந்தும் மரம்போல் நிற்கிற பொம்மைகளும் உண்டு. பதினைந்தே மூட்டுகளில் உயிர் துடிக்கிறவையும் உண்டு.

மூட்டு அழகைக் கெடுக்கிறதா என்பது நிபுணர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. மூட்டே இல்லாத சிலைப்பொம்மைகளின் வழவழப்பான தோள் இவற்றில் கிடைக்காது. அசைவு அதிகமாக ஆக உருவத்தில் வெட்டுக்கோடுகள் அதிகமாகும். இரண்டையும் ஒருங்கே அடைவது சாத்தியமில்லை என்பதால், எந்த இடத்தில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் நியாயமான விமரிசனம். போர்வீரனுக்குத் தோளில் கோடு தெரிந்தால் கவசத்தின் விளிம்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பள்ளிச் சிறுமியின் வெறும் முழங்காலில் அதே கோடு கண்ணை உறுத்தும்.

போலிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானில் இன்று புதிதாக வெளிவருகிற இத்தகைய பொம்மை ஆறாயிரம் யென்னிலிருந்து பத்தாயிரம் யென்வரை விலையாகிறது. அதனோடு கப்பற்கூலியும் சுங்கவரியும் சேரவேண்டும். நம் சர்க்கார் பொம்மைகளின் இறக்குமதிச் சுங்கத்தை 2020இல் இருபது சதவீதத்திலிருந்து அறுபதாகவும், 2023இல் எழுபதாகவும் உயர்த்தினார்கள். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழிலுக்கு இது நன்மைதான் என்றாலும், அசல் ஜப்பானியச் சரக்கு நேர்வழியில் அருமையாகப் போக, அந்த இடைவெளியில் போலிகள் புகுந்துகொண்டன. ஆகவே தொள்ளாயிரம் ரூபாய்க்கு டிராகன் பால் நாயகன் கோகுவின் ஃபிகுஆர்ட்ஸ் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டியதில்லை. போலியின் தோல் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். முடியின் நுனி கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்கும். பெட்டியைத் திறந்ததும் நெடி அடிக்கும். கணுக்கால் ஒன்று கல்லாக இறுகியும் மற்றொன்று ஆடிக்கொண்டும் இருக்கும். தோயி அனிமேஷன் நிறுவனத்தின் கதாபாத்திரங்களானால், பெட்டியின்மேல் பூனைமுகச் சின்னமுள்ள பளபளக்கும் முத்திரை ஒன்று ஒட்டியிருக்கும். அதையும் போலி செய்கிறார்கள் என்பதால், முத்திரையைக் காட்டிலும் மூட்டையே நம்புங்கள்.

பழைய பொம்மை வாங்குகிறவர்களுக்கு, சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய பிரதிகளைச் சேகரிக்கிறவர்கள் நல்ல குருமார்கள். அட்டை கிழியாமல் இருக்கிறதா, பக்கம் குறைகிறதா, யாராவது பெயர் எழுதியிருக்கிறார்களா என்று அவர்கள் பார்ப்பதுபோல, இங்கே மாற்றுக்கைகளும் முகங்களும் முழுதும் இருக்கின்றனவா, மூட்டின் விளிம்பில் வர்ணம் உரிந்திருக்கிறதா, வெள்ளைப் பாகங்கள் மஞ்சளித்துவிட்டனவா என்று பார்க்கவேண்டும். ஒரு சிறு கை தொலைந்தால் அதைத் தனியாக வாங்குவது எளிதன்று. தோக்கியோவில் நகானோ பிராட்வே என்ற கட்டடத்தில் தொடங்கிய மந்தராகே கடைக்காரர்கள் பழஞ்சரக்கில் உள்ள ஒவ்வொரு குறையையும் எழுதி ஒட்டியே விற்கிறார்கள். நம்மூர்ப் பழஞ்சரக்குக் கடைகளில் அந்த நாணயத்தை எதிர்பார்க்க முடியாது; நாமேதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளவேண்டும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பொம்மையைப் பாதுகாப்பது தனிக் கலை. இவற்றின் மென்மையான பாகங்கள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வளைந்துகொடுப்பதற்காக அதில் சேர்த்திருக்கிற ரசாயன எண்ணெய், காற்றோட்டமில்லாத வெப்பத்தில் மேலே கசிந்து பிசுபிசுக்கும். கெட்டியான பாகங்களிலுள்ள ஏ.பி.எஸ். வெயில் பட்டால் மஞ்சளாகும். ஆகவே மேற்குப் பார்த்த ஜன்னலும், தகரக்கூரையின் அடியும் ஆகா. தென்மேற்குப் பருவக்காற்று குமுளி மலையைத் தாண்டிச் சாரலைக் கொண்டுவருகிற ஆனி ஆடி மாதங்களில் காகிதப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்கலாகாது. பிசுபிசுப்பு வந்துவிட்டால், வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்புக் கரைத்துக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். புதிய பொம்மையின் மூட்டு அசையாமல் இறுகியிருந்தால் பலாத்காரம் செய்யாமல், சுடுநீரில் சிறிது நேரம் பிடித்திருந்து திருப்புங்கள். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கிற முளை ஒடிந்துபோகும். தளர்ந்த மூட்டுக்கு நகப்பூச்சு தடவச் சொல்கிறவர்கள் உண்டு. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடக்கூடும் என்பதால், நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் பொருத்துவதே உத்தமம்.

இவற்றைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்து, விலை ஏறியதும் விற்று லாபம் பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சில ஏறும், வாஸ்தவம். ஆனால் நல்ல விற்பனையான பொம்மையைக் கம்பெனியாரே சில வருஷங்களில் மறுபடியும் வார்த்து வெளியிட்டு, பதுக்கி வைத்தவனின் விலையைப் பாதியாக்கிவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. பணம் பெருகவேண்டும் என்றால் தபால் ஆபீஸ் இருக்கிறது. பொம்மையை அதற்காக வாங்குவது அதன் மூட்டுகளுக்குச் செய்கிற அவமரியாதை.

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் திரைப்படம் தமிழ் பேசிக்கொண்டே நம் தியேட்டர்களுக்கு வந்த பிறகு, இந்த மோகம் இன்னும் பரவத்தான் செய்யும். புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்துப் போலிகளுக்குப் பதில் ஓர் அசலை வாங்குங்கள், கதையை அனுபவித்துப் பார்த்த பாத்திரமாக இருக்கட்டும். வந்த அன்றே வெளியே எடுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது நிலையை மாற்றி வையுங்கள். வெயிற்காலத்தில் மாதக்கணக்கில் ஒற்றைக்காலில் நிறுத்திவைத்தால் பி.வி.சி. கணுக்கால் மெல்ல வளைந்து, பொம்மை ஒருநாள் இராத்திரி தானாகவே கீழே விழும்.